நோட்டு வாங்கும் வரைக்கும் ஆர்வம் இருக்கிறது, அதற்கு மேல் இல்லை. என்ன செய்வது?

கெடிலக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். வயது 32, படித்தது பி.காம். புதுச்சேரி நேரு வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. காலை எட்டேகாலுக்குப் பஸ் ஏறினால் வீடு திரும்ப இரவு ஒன்பதாகிவிடும். வீட்டுக்காரருக்கு சிப்காட்டில் ஷிஃப்ட், பையன் மூன்றாம் வகுப்பு, மாமியார் கூடவே இருக்கிறார். அவர் இல்லையென்றால் நான் வேலைக்கே போக முடியாது.

விஷயம் குரூப் 4, அதாவது அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. தேர்வு. 2019இல் முதல் தடவை எழுதினேன், அப்புறம் 2022, 2024, கடைசியாக 2025 ஜூலை 12. நான்கு தடவை எழுதியிருக்கிறேன் என்று சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நான்கையும் கூட்டிப் பார்த்தால் உருப்படியாகப் படித்தது எண்பது நாள் இருந்தால் அதிகம். அந்த ஜூலைத் தேர்வில் தமிழே கடினம் என்று எல்லோரும் புலம்பினார்கள், எனக்கு அது பரவாயில்லை, கணக்கில்தான் மாட்டிக்கொண்டேன். 25 கேள்வியில் பதினேழு, கண்ணை மூடிக்கொண்டு வட்டத்தை நிரப்பியது.

போன வாரம் பழைய பேப்பர்காரருக்குப் போட டைரிகளை எடுத்தேன். 2020, 2021, 2023. மூன்றிலும் முதல் பக்கம் ஒரே மாதிரி. காலை 4.30க்கு எழுவது, தினமும் மூன்று மணி நேரம் படிப்பு, அரை மணி நடை, சர்க்கரை இல்லாத டீ. பச்சை மையில் அடிக்கோடு போட்டதுகூட ஒரே மாதிரி. ஜனவரி ஒன்பது, பத்துக்கு மேல் எல்லாம் வெற்றுத்தாள். 2021இல் மட்டும் மார்ச் மாதத்தில் ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தது, பரவாயில்லையே என்று பார்த்தால் பால் கணக்கு.

பஸ்ஸில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். காலையில் ஆல்பேட்டை தாண்டும்போதே நிற்க இடம் இருக்காது, தவளக்குப்பத்தில் நாலு பேர் இறங்கினால் உட்காரலாம், உட்கார்ந்த அடுத்த நிமிடம் தூக்கம். தனியார் பஸ் என்றால் பாட்டு வேறு.

ஊக்கம் கொடுக்கும் வீடியோக்கள் எவ்வளவோ பார்த்தாயிற்று. பார்க்கும் பத்து நிமிடம் உடம்பெல்லாம் சிலிர்க்கும், நாளையிலிருந்து பார் என்று தோன்றும், அப்புறம் அடுத்த வீடியோ வந்துவிடும். தயவுசெய்து யாரும் இங்கே லிங்க் போடாதீர்கள். நோட்டு, பேனா, புத்தகம் வாங்கப் போகும் நாளில் எனக்கு இருக்கும் உற்சாகத்தைப் பார்த்தால் கலெக்டரே ஆகிவிடுவேன் என்று நினைப்பீர்கள். வாங்கி வந்து அட்டை போட்டதோடு அது தீர்ந்துவிடுகிறது. இதே நிலையில் இருந்து வெளியே வந்தவர்கள் யாராவது இருந்தால் உண்மையில் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். நடை விஷயமும் சேர்த்துத்தான் கேட்கிறேன், போன வருடம் பார்த்தபோது மூன்று மாத சர்க்கரை அளவு 6.1, டாக்டர் எச்சரித்து அனுப்பினார்.

ஓ.டி. வாசி:

போனைத் தூக்கிப் போடுங்கள். எல்லாம் தானாகச் சரியாகும்.

கெடிலக்கரை:

அண்ணா, நாளைக்கு எந்தக் கவுண்டரில் நிற்க வேண்டும் என்பதே கடை வாட்ஸ்அப் குழுவில்தான் வருகிறது. பையன் பள்ளிக்கூட வீட்டுப்பாடமும் அதில்தான். எங்கே தூக்கிப் போடுவது?

மழைக்காலத் தவளை:

21 நாள் தொடர்ந்து செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும், அறிவியலே சொல்லியிருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு 21 நாள் மட்டும் நாலரைக்கு எழுந்து பாருங்கள் அக்கா. நடுவில் ஒரு நாள் விட்டால்கூட மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும், அதுதான் விதி.

ஆறாம் வார்டு:

தவளை தம்பி, அந்த விதியை யார் போட்டது? 21 நாள் கணக்கு 1960இல் ஒரு அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன் எழுதியதிலிருந்து கிளம்பியது. முகத்தில் அறுவை செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்ததைச் சொன்னார். 'குறைந்தது' என்ற சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. பிற்பாடு லண்டனில் 96 பேரை வைத்து உண்மையாகவே அளந்து பார்த்தார்கள், 2010இல் அச்சில் வந்த ஆய்வு. ஒரு செயல் யோசிக்காமல் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள், ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18இலிருந்து 254 நாள் வரைக்கும். தண்ணீர் குடிப்பது சீக்கிரம் வந்தது, உடற்பயிற்சிக்கு ரொம்ப நாள் ஆனது. நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆகவே ஒன்றிலிருந்து எண்ண வேண்டாம்.

கெடிலக்கரை தங்கச்சிக்கு: நான் புதுச்சேரியில் நர்ஸ், பதினாறு வருட சர்வீஸ். படிப்பு, லட்சியம் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். நீ எத்தனை மணிக்குத் தூங்குகிறாய்? ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, பையனைப் படுக்க வைத்தால் பதினொன்று. நாலரைக்கு எழுந்தால் ஐந்தரை மணி நேரத் தூக்கம். பத்து மணி நேரம் நின்று வேலை செய்கிற உடம்புக்கு இது போதாது, ஜனவரி பத்தாம் தேதி உடம்பு கையை விரிப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அதற்கு நீ சோம்பேறி என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறாய்.

உட்கார்ந்தவுடன் தூக்கம் என்று எழுதியிருக்கிறாய் பார், அதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது ரத்தசோகை. ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 மூன்றையும் பார்த்துவிடு. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் சோகைதான். எட்டு, ஒன்பதோடு பல வருடம் ஓட்டிக்கொண்டு 'எனக்கு எதிலும் நாட்டமே இல்லை சிஸ்டர்' என்று வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மாத்திரையில் தீர வேண்டியதை மனஉறுதியில் தீர்க்கப் பார்த்தால் நடக்காது.

இன்னொன்றும் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. படிப்பில் மட்டும் நாட்டம் இல்லையா, அல்லது முன்பு பிடித்ததில்கூட இல்லையா? பையனோடு விளையாடுவது, கோயில், சாப்பாடு? இரண்டு வாரத்துக்கு மேல் எல்லாவற்றிலும் அப்படி இருந்தால் அது வேறு கதை, மனச்சோர்வாக இருக்கலாம். உங்கள் மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனையிலேயே காட்டலாம். முதலில் போனில் பேசிப் பார்க்க வேண்டும் என்றால் 14416, மத்திய அரசின் டெலி மானஸ் எண், இலவசம், தமிழில் பேசலாம்.

கெடிலக்கரை:

அக்கா, அந்த அளவுக்கு இல்லை. பையனோடு சண்டை போட்டுக்கொண்டு பல்லாங்குழி ஆடுகிறேன், சாப்பாட்டில் குறையே இல்லை, அதுதான் பிரச்சினை. ரத்தம் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது, இந்த வாரம் விடுமுறையில் பார்த்துவிடுகிறேன்.

பலாக்கொட்டை:

சகோதரி, நான் பண்ருட்டிப் பக்கம் ஒரு தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். 2016 நவம்பர், 2018 பிப்ரவரி, 2019 செப்டம்பர் மூன்றும் ஊத்திக்கொண்டது, 2022 ஜூலை 24 எழுதியதில் கிடைத்தது. அதற்கும் முடிவு அடுத்த வருடம் மார்ச்சில்தான் வந்தது, எட்டு மாதம் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திடீரென்று ஊக்கம் வந்து படித்து ஜெயித்தேன் என்று சொன்னால் அது பொய். எனக்கு இன்றைக்கு வரைக்கும் வரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். அப்போது ஒரு முந்திரிக் கொட்டகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். 2019க்கு அப்புறம் கொரோனா, கிட்டத்தட்ட மூன்று வருடம் குரூப் 4 தேர்வே நடக்கவில்லை. இனிமேல் எங்கே என்று பாதிப் புத்தகத்தைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு நாள் அக்கா மகனுக்குப் பின்னக் கணக்கு சொல்லித்தர வேண்டும், வீட்டில் வெள்ளைத்தாள் இல்லை, சுவரில் தொங்கிய நாள்காட்டியில் அன்றைய தேதித்தாளைக் கிழித்துப் பின்பக்கம் போட்டேன். மறுநாள் கிழிக்கப் போகும்போது கை தானாகப் பேனாவைத் தேடியது. அங்கேதான் ஆரம்பித்தது. பின்பக்கம் ஒரு கணக்குப் போடாமல் தேதித்தாளைக் கிழிக்கக் கூடாது. ஒரே ஒரு கணக்கு. மூன்று மணி நேரமும் கிடையாது, நாலரை மணியும் கிடையாது, மூன்று நிமிட வேலை.

சிரிப்பாக இருக்கும், ஆனால் இதில் ஒரு பிடி இருக்கிறது. டைரியை மூடி வைத்தால் யாருக்கும் தெரியாது. நாள்காட்டி நடுவீட்டில் தொங்குகிறது. நான் கணக்குப் போடாமல் விட்டால் வீட்டில் தேதி மாறாது. அம்மா காலையில் ராகு காலம் பார்க்க வந்து, 'ஏன்டா, இன்னும் சஷ்டியிலேயே நிக்குது?' என்று கேட்பார்கள். ஒரு தடவை தேதி தப்பாகப் பார்த்து சங்கடஹர சதுர்த்தியை விட்டுவிட்டார்கள், அன்றைக்கு எனக்குக் கிடைத்த திட்டு எந்த வீடியோவிலும் கிடைக்காது.

முக்கியமான இன்னொரு விதி, இதை விட்டால் எல்லாம் கெட்டுவிடும். விட்ட நாளுக்கு வட்டி கிடையாது. நாலு நாள் விட்டால் நாலு தாளையும் மொத்தமாகக் கிழித்து ஒரே கணக்கு. முன்பெல்லாம் நான் என்ன செய்வேன் என்றால், இன்றைக்கு மூன்று மணி நேரம் விட்டேன், நாளைக்கு ஆறு மணி நேரம், நாளைக்கும் விட்டேன், மறுநாள் ஒன்பது. கந்துவட்டி மாதிரி ஏறும். ஒரு வாரத்தில் கடன்காரன் முகத்தைப் பார்க்கப் பயந்து தெரு மாறிப் போவது போலப் புத்தகம் இருக்கும் அறைக்கே போக மாட்டேன். உங்கள் ஜனவரி பத்தும் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஏன் கணக்கு என்று கேட்டால், உங்களுக்கே தெரியும், 200 கேள்வி, 300 மதிப்பெண், ஒரு கேள்விக்கு ஒன்றரை. கணக்கு 25 கேள்வி, அதாவது 37.5. சுருக்குதல், விழுக்காடு, மீ.பெ.கா., மீ.சி.ம., விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பளவு, கன அளவு, வேலையும் நேரமும், எண் தொடர். எண்ணி ஒரு கை, இன்னொரு கை அளவுக்குத்தான் தலைப்பு. பொது அறிவு மாதிரி கரை தெரியாத கடல் இல்லை. தமிழில் 100 கேள்வி, அதில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள், ஆனால் உங்களுக்குத் தமிழ் பயம் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் பதினேழு கேள்வியைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பிய அந்த இடத்திலேயே குழி தோண்டுங்கள்.

ஒரு கணக்கு எப்போது நான்கானது என்று எனக்கே நினைவில்லை, இரண்டு மாதம் இருக்கும். ஒரு கணக்கோடு நிறுத்திய நாளும் ஏராளம். தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது மட்டும் லீவு போட்டு உட்கார்ந்து படித்தேன், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தக் காகிதக் கட்டு இல்லையென்றால் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

எதிர்க்கட்சி:

எல்லோரும் எப்படிப் படிப்பது என்று சொல்கிறீர்கள். எனக்கு ஒரு சந்தேகம். ஆறேழு வருடமாக ஒரு காரியம் நகரவில்லை என்றால், அந்தக் காரியம் உங்களுக்கு வேண்டாம் என்று அர்த்தமாக இருக்கக் கூடாதா? நம் மாவட்டத்தில் பாதிப் பேர் குரூப் 4 எழுதுவது அப்பா சொன்னார், மாமா சொன்னார் என்பதற்காக. நானும் அப்படித்தான் இரண்டு தடவை எழுதினேன், விட்டதும் நிம்மதி. இப்போது மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், அதற்குக் காலையில் என்னை யாரும் எழுப்ப வேண்டியதில்லை. மனதைத் தொட்டுச் சொல்லுங்கள், உங்களுக்கு அந்த வேலை எதற்கு?

பலாக்கொட்டை:

விடுவதும் ஒரு முடிவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நகரவில்லை என்பதாலேயே வேண்டாம் என்று முடிவு கட்ட முடியாது. எனக்கும்தான் ஆறு வருடம் நகரவில்லை.

காந்தி சிலை ஓரம்:

ஏம்மா கெடிலக்கரை, நான் முத்தியால்பேட்டை, வயது 63, மில்லில் வேலை பார்த்து நின்றவன். படிப்பைப் பற்றி எனக்குத் தெரியாது, நடையைப் பற்றிச் சொல்கிறேன்.

சர்க்கரை 280 வந்த பிறகு பீச் ரோட்டில் நடக்க ஆரம்பித்தேன். சாயங்காலம் ஆறிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரைக்கும் அங்கே வண்டி விட மாட்டார்கள், ஒன்றரை கிலோமீட்டர், கடல் காற்று, இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? ஊர் உலகத்திலிருந்து பணம் செலவழித்து வந்து பார்க்கிறார்கள். பத்து நிமிட தூரத்தில் இருந்துகொண்டு எனக்குப் போக மனசு வராது. முதல் ஒரு வருடம் போனது, விட்டது, போனது, விட்டது. அப்புறம் இரண்டு பேர் சேர்ந்தார்கள், ஒருவர் தபால் துறை, ஒருவர் மீன் ஏலம் எடுப்பவர். ஐந்தே காலுக்குக் காந்தி சிலை அருகே. நான் போகவில்லை என்றால் அவர்கள் ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு என் வீட்டுக்குப் போன் அடிப்பார்கள், என் சம்சாரம் எடுத்து என்னைத் திட்டும். அவ்வளவுதான் என் ரகசியம். ஆசையும் இல்லை, லட்சியமும் இல்லை, திட்டுக்குப் பயந்து ஏழு வருடமாக நடக்கிறேன், இப்போது 140.

அந்த மீன்காரர் ஒரு நாள் சொன்னார், கடலுக்குப் போகிறவன் மனசைப் பார்த்தா போகிறான், காற்றைப் பார்த்துப் போகிறான் என்று. அவர் சொன்னதைவிட எனக்குப் பிடித்தது அவர்கள் தடைக்காலத்தில் செய்வது. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாட்களில் கரையில் போய்ப் பார், வலை பின்னுவதும் படகுக்குப் பெயிண்ட் அடிப்பதும் இன்ஜினைப் பிரித்துப் போடுவதுமாக இருப்பார்கள். உனக்கு அடுத்த அறிவிப்பு வரும் வரைக்கும் தடைக்காலம் என்று வைத்துக்கொள்.

விட்டுப் போவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல் வந்தது, ஒரே நாளில் இங்கே கொட்டிய மழை உனக்கும் தெரியும், உங்கள் பக்கம் தென்பெண்ணை வந்து சூழ்ந்தது. ஐந்து நாள் தெருவில் கால் வைக்க முடியவில்லை, நியாயம். ஆனால் தண்ணீர் வடிந்த பிறகும் நாங்கள் மூன்று பேருமே போகவில்லை. யாரும் யாருக்கும் போன் அடிக்கவில்லை, ஒருவர் சோம்பலை ஒருவர் காப்பாற்றினோம். பொங்கல் கழித்துத்தான் மறுபடி போனோம். நடப்பதைவிட விட்டதைத் திரும்பத் தொடங்குவதுதான் வெட்கமாக இருக்கிறது, யாரோ பார்த்துச் சிரிப்பது போல. ஒருவரும் பார்ப்பதில்லை.

நீ காலையில் எழுந்து சில்வர் பீச் போய் நடப்பேன் என்றெல்லாம் திட்டம் போடாதே. நேரு வீதி என்றாயே, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோவா? இறங்கி நட. இருபது நிமிடம். அதற்குத் தனியாக எழ வேண்டியதில்லை. முடிந்தால் கூட வேலை செய்கிற பெண் ஒன்றைச் சேர்த்துக்கொள், வாயாடியாக இருந்தால் நல்லது.

கெடிலக்கரை:

ஐயா, சிரித்துவிட்டேன். ஷேர் ஆட்டோதான், எப்படிக் கண்டுபிடித்தீர்கள்!

எதிர்க்கட்சி கேட்டதற்கு இரண்டு நாளாக யோசித்தேன். கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம் பார்த்தால், யார் கேட்டாலும் நான் சொல்லும் பதில் 'அரசு வேலை என்றால் பாதுகாப்பு, ஓய்வூதியம், மரியாதை' என்று போகும், அது எல்லாம் அப்பாவின் வார்த்தை. என் வார்த்தை வேறு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, சரி, பெயர் தெரியாத இடம்தானே. எனக்கு ஒரு நாற்காலி வேண்டும்.

கடையில் பத்து மணி நேரம் நிற்கிறோம். வாடிக்கையாளர் இல்லாதபோதும் உட்காரக் கூடாது, சுவரில் சாயக் கூடாது, கேமரா இருக்கிறது. தீபாவளி நேரத்தில் இரவு பதினொன்று வரைக்கும். முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டு நீலமாகத் தெரிகிறது. தமிழ்நாட்டில் 2021இல் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத் திருத்தம் கொண்டுவந்தார்கள், செய்தியில் பார்த்தபோது கைதட்டினேன், அப்புறம்தான் நினைவுக்கு வந்தது, நான் வேலை பார்ப்பது புதுச்சேரி. ஆல்பேட்டைக்கு இந்தப் பக்கம் தூங்குகிறேன், அந்தப் பக்கம் நிற்கிறேன். ஒரு தடவை சாதிச் சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீஸ் போனபோது ஒரு அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, காலை ஆட்டிக்கொண்டே கையெழுத்து வாங்கினார். அந்தக் காலை நான் இன்னும் மறக்கவில்லை. இது லட்சியம் என்ற கணக்கில் வருமா என்று தெரியவில்லை.

எதிர்க்கட்சி:

வரும். என் கேள்வியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். டைரியில் அடுத்த தடவை 'மூன்று மணி நேரம் படிப்பு' என்று எழுதாமல் 'நாற்காலி' என்று எழுதுங்கள்.

பலாக்கொட்டை:

டைரியே வேண்டாம் என்றுதானே இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆறாம் வார்டு:

காலுக்கு வெரிகோஸ் மாதிரி தெரிகிறது. ரத்தம் பார்க்கப் போகும்போது அதையும் டாக்டரிடம் காட்டு. படுக்கும்போது காலுக்குக் கீழே தலையணை வை.

கெடிலக்கரை (ஐந்து வாரம் கழித்து):

யாராவது இன்னும் இந்தப் பக்கம் வருகிறீர்களா? நிலவரம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

ஹீமோகுளோபின் 9.4. ஆறாம் வார்டு அக்கா, உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும், எனக்குத்தான் ஆகாது. இரும்புச்சத்து மாத்திரை மூன்று வாரமாகச் சாப்பிடுகிறேன், திரும்பும் பஸ்ஸில் கிருமாம்பாக்கம் வரைக்கும் விழித்திருக்கிறேன். பெரிய மாற்றம் என்று சொல்ல மாட்டேன். காலுக்கு இறுக்கமான சாக்ஸ் எழுதிக் கொடுத்தார்கள், விலை கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன், சம்பளம் வந்ததும் வாங்க வேண்டும்.

நாலரை மணி அலாரத்தை எடுத்துவிட்டேன். முதல் மூன்று நாள் குற்றவுணர்வாக இருந்தது, பிறகு நன்றாகத் தூங்கினேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிறேன், வாயாடி கிடைத்துவிட்டாள், சுடிதார் பிரிவு. அவளுக்கு நடப்பது பிடிக்கவில்லை, ஆட்டோ காசு மிச்சமாவது பிடித்திருக்கிறது. மழை பெய்தால் இரண்டு பேரும் ஆட்டோதான்.

நாள்காட்டி விஷயம் கலாட்டா ஆகிவிட்டது. முதல் வாரம் ஏழு நாளில் ஐந்து. இரண்டாம் வாரம் கடையில் தள்ளுபடி விற்பனை, ஆறு நாள் அப்படியே தொங்கியது. அத்தைக்குத் தாங்கவில்லை, அவர்களே கிழித்துவிட்டார்கள். நான் கோபப்பட, அவர்கள் கோபப்பட, வீட்டுக்காரர் இன்னொரு நாள்காட்டி வாங்கி வந்து ஆளுக்கு ஒன்று என்று பங்கு பிரித்துவிட்டார். இப்போது அத்தையுடையது சரியான தேதியில் ஓடுகிறது, என்னுடையது பின்தங்கி ஓடுகிறது, பையன் தினமும் இரண்டையும் கழித்துப் பார்த்து, 'அம்மா, நீ நாலு நாள் லேட்டு' என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறான். 35 நாளில் 23 கணக்கு போட்டிருக்கிறேன். விழுக்காடு முடிந்து தனிவட்டியும் முடிந்தது. ஆறு வருடத்தில் இவ்வளவு கணக்கு போட்டதில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது நிற்பது கூட்டுவட்டியில். அண்ணா பலாக்கொட்டை, இருக்கிறீர்களா? 15,000 ரூபாய்க்கு 8 விழுக்காடு, இரண்டு ஆண்டு, கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் வித்தியாசம் எவ்வளவு. சூத்திரம் போட்டால் பெருக்கிப் பெருக்கி மூன்று தடவை மூன்று விடை வருகிறது. மூன்று நாளாகத் தாள் கிழியவில்லை.

பலாக்கொட்டை:

சூத்திரத்தை விடுங்கள். முதல் வருட வட்டி எவ்வளவு? 1,200. தனிவட்டியில் அந்த 1,200 சும்மா கிடக்கும், கூட்டுவட்டியில் அதுவும் இரண்டாம் வருடம் குட்டி போடும். 1,200க்கு 8 விழுக்காடு 96. இரண்டு ஆண்டுக் கணக்கில் வித்தியாசம் அவ்வளவுதான். பெருக்கலே தேவையில்லை. மூன்று தாளையும் சேர்த்துக் கிழித்துவிடுங்கள்.

கெடிலக்கரை:

இதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் இப்படிச் சொல்லவில்லையே!

கிழித்துவிட்டேன். ஒரு தாளின் பின்பக்கம் ஏற்கெனவே ஏதோ எழுதியிருக்கிறது. அத்தை கையெழுத்து. பால் கணக்கு.